காலி வீதியில் அந்நியச் செவி: மோட்டார் வாகன ஒலிச்சாதனமும் அதன் பெறுமதியும்

ஒரு பொருளின் விலையும் அதன் பயனும் ஒன்றல்ல என்பது பொருளியலின் பாலபாடமாகும். எனினும், விலை உயர்ந்தது பயனிலும் உயர்ந்தது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் ஆழ வேரூன்றியிருக்கிறது. தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வரும் உயர்தர ஒலித்தொகுதி, அதற்கெனக் கொடுக்கும் மிகைப் பணத்துக்குத் தகுமா என்ற வினாவும் இதனோடு தொடர்புடையதே. மேலோட்டமாக நோக்குவோர்க்கு இது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு வினாவாகத் தோன்றலாம். ஆயின், கார் எதனையும் உற்பத்தி செய்து உலகச் சந்தைக்கு அனுப்பாத, பிறநாட்டார் தம் தேவைக்கெனச் செய்த வாகனங்களையே பெரும்பாலும் வாங்கி ஓட்டுகின்ற ஒரு நாட்டின் தலைநகரில் இவ்வினா வேறோர் உருவம் கொள்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழர் ஒருவர் தமது காரின் ஒலிச்சாதனத்தை இயக்கும்போது, அது எவருடைய செவிக்காகச் செய்யப்பட்டது என்ற வினாவே முதலில் எழுகிறது. அதனை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்ககால விலை

காரில் வானொலி பொருத்தும் வழக்கம் பிறந்தபோதே அது பெருஞ்செலவுடையதாகவே இருந்தது. 1930இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் 'மோட்டரோலா' என்ற பெயரில் விற்பனைக்கு விட்ட கார் வானொலி ஏறத்தாழ 110 முதல் 130 டொலர் வரை விலைபெற்றது. அக்காலத்தில் 540 டொலருக்கு ஒரு போர்ட் காரையே வாங்க முடிந்தது என்பதை நோக்கும்போது அவ்விலையின் கனம் விளங்கும். 1932இல் ஜேர்மனியின் புளோபுங்ற் நிறுவனம் வெளியிட்ட வானொலியின் விலை 465 ரைக்ஸ்மார்க். அதுவும் சிறிய கார் ஒன்றின் விலையில் மூன்றிலொரு பங்களவாயிற்று.

அவ்விலைக்குக் காரணம் இல்லாமலில்லை. அன்றைய வானொலிகள் வால்வுகளால் இயங்கின. காரின் மின்கலம் தரும் 6 அல்லது 12 வோல்ற்றை வால்வுகளுக்கு வேண்டிய உயர் அழுத்தத்துக்கு ஏற்ற அதிர்வுக் கருவியொன்று தேவைப்பட்டது. இயந்திரத்தின் தீப்பொறி எழுப்பும் இரைச்சலை அடக்கவும் வேண்டியிருந்தது. 1955இல் அமெரிக்காவில் கிறைஸ்லர் நிறுவனம் பில்கோ நிறுவனத்தோடு இணைந்து முழுமையாகத் திரான்சிஸ்ரரால் இயங்கும் கார் வானொலியை 150 டொலர் விலையில் அறிமுகஞ் செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளுள் அத்தொழில்நுட்பம் சாமானியர் கைக்கும் எட்டியது. முதலில் செல்வர்க்குரியதாயிருந்த வசதி பின்னர் யாவர்க்கும் உரியதாவது இத்துறையின் நிலையான போக்கு எனலாம்.

கொழும்பின் வானலைகள்

இலங்கையில் ஒலிபரப்பு 1925 டிசம்பரில் முறையாகத் தொடங்கியது. யுத்த காலத்தில் கொழும்பில் இயங்கிய றேடியோ சீயாக் நிலையத்தின் ஆற்றல்மிக்க ஒலிபரப்பிகள் யுத்தத்தின்பின் நாட்டுக்குக் கிடைத்தன. 1949இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாக உருப்பெற்றது. 1950இல் வர்த்தக சேவை தோன்றியது. எஸ். பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளர்களின் தமிழ் கடல் கடந்து தென்னிந்தியாவின் வீடுகளிலும் ஒலித்தது. 1967இல் அந்நிறுவனம் கூட்டுத்தாபனமாயிற்று.

இவ்வொலிபரப்புகள் சிற்றலையிலும் மத்திய அலையிலும் வந்தவை. அக்காலக் கொழும்பு வீதிகளில் ஓடியவை பெரும்பாலும் ஒஸ்டின், மொறிஸ், ஹில்மன் முதலிய பிரித்தானிய வாகனங்கள். பிரித்தானிய உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்யப்பட்ட கார் வானொலிகளில் மத்திய அலையும் நெட்டலையும் இருந்தன. நெட்டலை ஒலிபரப்போ ஐரோப்பாவையும் அதனையடுத்த பிரதேசங்களையும் சார்ந்தது. ஆசியாவின் இப்பகுதிக்கு அது ஒதுக்கப்படவேயில்லை. எனவே, அத்தகைய வானொலியுடன் கொழும்பு வந்த காரில் ஒரு பகுதி ஊமையாகவே இருந்திருக்கும். பிறர் செவிக்கெனச் செய்த கருவிக்கு நாம் விலை கொடுக்கும் கதையின் முதல் அத்தியாயம் இதுவே.

1960களின் தொடக்கத்திலிருந்து இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1970க்கும் 1977க்கும் இடையில் உச்சம் பெற்றன. புதிய கார் அரிதாயிருந்த அக்காலத்தில் ஒலிச்சாதனத்தின் தரம் பற்றி எவரும் வாதிட இடமிருக்கவில்லை. 1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை நிலைமையைத் தலைகீழாக்கியது. யப்பானிய ஒலிநாடாக் கருவிகள் புறக்கோட்டைக் கடைகளை நிரப்பின. மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியோரும் அவற்றைக் கொண்டுவந்தனர். விரும்பிய பாடல்களைப் பட்டியலிட்டுக் கொடுத்து ஒலிநாடாவில் பதிவுசெய்து பெறும் வழக்கமும் பரவியது. காரின் ஒலி, ஒலிபரப்பு நிலையத்தின் தயவிலிருந்து முதன்முறையாக விடுபட்டது.

தொழிற்சாலை ஒலித்தொகுதியின் தோற்றம்

இக்காலத்திலேயே மேலைநாடுகளில் ஒரு புதிய வணிகமுறை உருவாயிற்று. அதுவரை நல்லொலி விரும்பியவர் வெளிக்கடையில் கருவி வாங்கிப் பொருத்தினார். 1983ஆம் ஆண்டு மாதிரிக் கார்கள் சிலவற்றில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ், போஸ் நிறுவனத்தின் ஒலித்தொகுதியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி வழங்கத் தொடங்கியது. 1989இல் தோன்றிய லெக்ஸஸ் கார் நக்கமிச்சி ஒலித்தொகுதியை விருப்பத்தேர்வாகக் கொண்டிருந்தது. பிற நிறுவனங்களும் புகழ்பெற்ற ஒலிக்கருவிப் பெயர்களைத் தம் கதவுகளிற் பதித்தன.

இதற்கு அறிவியல் அடிப்படை உண்டு என்பதை மறுத்தலாகாது. காரின் உட்புறம் ஒலிக்கு ஏற்ற இடமன்று. கண்ணாடி ஒலியைத் தெறிக்கச் செய்கிறது. இருக்கையின் துணியும் பஞ்சும் அதனை உறிஞ்சுகின்றன. வலப்பக்கம் அமரும் நம் சாரதிக்கு வலக்கதவின் ஒலிபெருக்கி அண்மையிலும் இடக்கதவின் ஒலிபெருக்கி சேய்மையிலும் உள்ளன. ஒலி ஒரு மீற்றரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெக்கன் எடுப்பதால், இடப்புற ஒலி பிந்தியே வந்துசேரும். ஒவ்வொரு மாதிரிக் காரின் உட்புறத்தையும் அளந்து, அண்மை ஒலியைச் சிறிது தாமதித்து, குறைநிறைகளைச் சமன்செய்வது தொழிற்சாலைப் பொறியியலாளருக்கே எளிது. உயர்தரத் தொகுதிக்கான மிகைவிலையில் நியாயமான பங்கு இதற்குரியதே.

யப்பானிய வாகனமும் ஊமை வானொலியும்

ஆனால், அதே பொறியியலாளர் யப்பானிய வீதியை மனத்திற் கொண்டே பணியாற்றினார். 1977இன் பின்னர் இலங்கைக்குப் பெருமளவில் வந்தவை யப்பானில் ஓடிப் பழகிய 'றீகண்டிஷன்' வாகனங்கள். யப்பானில் பண்பலை வானொலிக்கு ஒதுக்கப்பட்டது 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதி. 90 முதல் 108 வரையான பகுதியில் அந்நாட்டுத் தொலைக்காட்சியின் முதல் மூன்று அலைவரிசைகள் இருந்தன. இலங்கையிலோ பண்பலை 87.5இல் தொடங்கி 108இல் முடிகிறது. இரண்டுக்கும் பொதுவானது 2.5 மெகாஹேர்ட்ஸ் மட்டுமே. அதாவது நமது பண்பலைப் பரப்பில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு. 1990களில் தனியார் பண்பலை பெருகி, 1998இல் சூரியன், சக்தி ஆகிய தமிழ் நிலையங்கள் எழுந்தபோது அவை 90க்கு மேற்பட்ட பகுதியிலேயே ஒலித்தன. பல இலட்சம் ரூபா கொடுத்து வாங்கிய காரின் தொழிற்சாலை வானொலிக்கு அவை எட்டவில்லை. மூன்றுசில்லு முச்சக்கரவண்டியில் பொருத்திய மலிவான வானொலியில் தமிழ் முழங்க, அதனருகே நின்ற உயர்தரக் காரின் வானொலி தமிழறியாது கிடந்தமை ஒரு முரண்நகையே.

இம்முடிச்சை அவிழ்த்தது ஒரு சிறிய கருவி. அன்ரெனாவுக்கும் வானொலிக்கும் இடையில் பொருத்தப்படும் 'பாண்ட் எக்ஸ்பாண்டர்' வரும் அலையின் அதிர்வெண்ணைக் குறித்த அளவு குறைத்து வானொலிக்குக் கொடுக்கிறது. 14 மெகாஹேர்ட்ஸ் குறைக்கும் கருவியில் 103இல் வரும் நிலையம் 89இல் கேட்கும். ஆயின் வானொலியின் பரப்பு 14 மெகாஹேர்ட்ஸ் மட்டுமே ஆதலால், 90 முதல் 104 வரையே அகப்படும். அதற்கு மேற்பட்டவை நழுவிவிடும். 18 குறைத்தால் 94 முதல் 108 வரை கேட்கும், கீழுள்ளவை நழுவும். எதனை இழப்பது என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வேறு வழி, தொழிற்சாலைக் கருவியையே கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்துதல். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் மின்சாதனக் கடைகளும் பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளும் இத்தேவைகளுக்குக் கைகொடுத்தன. யப்பானில் அனலொக் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டு, 2014 டிசம்பரில் வானொலி 95 மெகாஹேர்ட்ஸ் வரை விரிந்தபின் வந்த கார்களில் இக்குறை ஓரளவு குறைந்ததேயன்றி நீங்கவில்லை.

வானொலியோடு இது முடியவில்லை. வழிகாட்டும் திரை யப்பானிய எழுத்தில் யப்பானிய வீதிகளையே காட்டிற்று. இறுவட்டுப் படங்களுக்கான உலகப் பிரிவில் யப்பான் இரண்டாம் வலயத்தையும் இலங்கை ஐந்தாம் வலயத்தையும் சேர்ந்தவை. வாங்குவோர் விலைகொடுத்த வசதிகளுட் பல வெறும் அலங்காரமாயின.

வரியும் பயனும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீளத் திறக்கப்பட்டபோது விதிக்கப்பட்ட வரிகள் இவ்வினாவைக் கூர்மையாக்கின. 20 வீதச் சுங்கவரி, அவ்வரியின் அரைவாசியான மேல்வரி, 18 வீதப் பெறுமதி சேர் வரி ஆகியவற்றுடன், பெறுமதி 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட பெற்றோல் காரின் மிகைப்பகுதிக்கு 100 வீதச் சொகுசு வரியும் அறவிடப்பட்டது. அவ்வெல்லையைத் தாண்டிய காரொன்றின் பெறுமதியில் ஒலித்தொகுதி ஓர் இலட்சம் ரூபாவைக் கூட்டுமாயின், சுங்கவரியும் மேல்வரியும் 30,000, சொகுசு வரி 1,00,000 எனச் சேர்ந்து, பெறுமதி சேர் வரிக்கு முன்னரே அது 2,30,000 ரூபாவாகிவிடும். கடையில் தனியே வாங்கிய கருவிக்கு இச்சொகுசு வரி இல்லை.

இவ்வளவு கொடுத்துப் பெறும் ஒலி எத்தகையது? பண்பலை ஒலிபரப்பு 15 கிலோஹேர்ட்சுக்கு மேற்பட்ட ஒலியைக் கொண்டுவருவதில்லை. 1950களினதும் 1960களினதும் தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் ஒற்றைத்தடப் பதிவுகளே. மூலத்தில் இல்லாததை எந்த ஒலிபெருக்கியும் தரமாட்டாது. மேலும், பேருந்துகளின் இரைச்சலும் ஹோர்ன் ஒலியும் நிறைந்த காலி வீதியில், மெல்லொலிகளின் நுட்பங்கள் சன்னலுக்கு வெளியிலுள்ள ஓசையில் மூழ்கிப்போகின்றன. இந்நிலையில் மிகைவிலையின் பெரும்பகுதி செவிக்கன்றி, கதவிற் பதித்த பெயருக்கே போய்ச்சேருகிறது எனல் மிகையாகாது.

மறுதரப்பு நியாயமும் கூறவேண்டும். அண்மைக்காலக் கார்களில் ஒலிக்கருவி தனித்துறுப்பாக இல்லை. குளிரூட்டியும் பின்புறக் கமராவும் எச்சரிக்கை ஒலிகளும் அதே திரையோடு பிணைந்துள்ளன. அதனைக் கழற்றுவது எளிதன்று. கழற்றினால் வேறு குறைகள் தோன்றலாம். கைத்தொலைபேசியை இணைத்துப் பாடல் கேட்கும் வசதி வந்தபின் அலைவரிசைச் சிக்கலும் பெரிதும் தணிந்துள்ளது. ஆகவே இன்று மிகைப்பணம் கொடுப்பவர் வானொலிக்காகக் கொடுக்கவில்லை; பெருக்கிக்கும் ஒலிபெருக்கிகளுக்கும் அவற்றை உட்புறத்துக்கு இசைவித்த உழைப்புக்குமே கொடுக்கிறார். நெடுஞ்சாலையில் நீண்ட பயணம் செய்து, தரமான பதிவுகளைக் கேட்போர்க்கு அது தகும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு ஊர்ந்து சென்று செய்தி கேட்போர்க்குச் சாதாரணத் தொகுதியே போதுமானது.

முடிவுரை

நெட்டலைக் காலத்திலிருந்து யப்பானியப் பண்பலைக் காலம் வரை நாம் மீண்டும் மீண்டும் காண்பது ஒன்றே. கருவியின் தரம் அதனைச் செய்த நாட்டில் அளக்கப்படுகிறது. அதன் பயன் அதனைப் பாவிக்கும் நாட்டில் அளக்கப்பட வேண்டும். முன்னதற்குரிய விலையைப் பின்னதற்கெனக் கொடுத்து ஏமாறுவது இறக்குமதிப் பொருளாதாரங்களின் பொதுவிதி. அந்த இடைவெளியை நிரப்பியவர் புகழ்பெற்ற ஒலிக்கருவி நிறுவனத்தார் அல்லர். சாலிடறிங் கோலுடன் வாகனத்துள் குனிந்திருந்த நமது நகரின் பெயரறியாத் தொழிலாளரே. விலையுயர்ந்த கருவிக்குத் தமிழ் கேட்கும் செவியைத் தந்தது அவருடைய சில மணிநேர உழைப்பு. கொழும்பின் மோட்டார் வாகன வரலாறு எழுதப்படும்போது அவ்வுழைப்புக்கும் உரிய இடம் அளிக்கப்படல் வேண்டும்.