புண்ணை ஆற்றுவது யார்? - சீழ், கிருமி, உடல்: ஒரு வரலாறு

விரலில் கத்தி பட்டு ஒரு சிறு கீறல். இரண்டு நாளில் பக்கு கட்டுகிறது. பத்து நாளில் காயம் இருந்த இடமே தெரிவதில்லை. அதே கீறல் சர்க்கரை நோயாளியின் பாதத்தில் விழுந்தால் மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கலாம். சில சமயம் காலையே எடுக்க வேண்டியும் வருகிறது.

அப்படியானால் புண்ணை ஆற்றுவது எது? மருந்தா? உடலா? இல்லை, தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கும் அதில் பங்கு உண்டா? மருத்துவ உலகம் இந்தக் கேள்விக்குப் பலமுறை விடையை மாற்றிச் சொல்லியிருக்கிறது. தவறான ஒவ்வொரு விடைக்கும் மனிதர்கள் தங்கள் கை கால்களையும் உயிரையும் விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

சீழை வரவேற்ற காலம்

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் ஒரு விசித்திரமான நம்பிக்கை இருந்தது. புண்ணில் வெள்ளையாக, கெட்டியாகச் சீழ் பிடித்தால் நல்லது. உடலில் உள்ள கெட்டது அதன் வழியே வெளியேறுகிறது என்று நினைத்தார்கள். அந்தச் சீழுக்கு 'மெச்சத்தக்க சீழ்' என்றே பெயர்! சீழ் பிடிக்காத புண்ணில் வேண்டுமென்றே சீழ் பிடிக்க வைத்தவர்களும் உண்டு.

எல்லோரும் இதை ஏற்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் தியோடோரிக் போர்கோன்யோனி, புண்ணை ஒயினால் கழுவி, உள்ளே கிடக்கும் அந்நியப் பொருட்களை அகற்றி, ஓரங்களைச் சேர்த்துக் கட்டினால் சீழ் இல்லாமலே ஆறும் என்று எழுதினார். அவர் சொன்னதைக் கேட்டவர்கள் குறைவு.

1530களில் பிரெஞ்சுப் படையுடன் இத்தாலிக்குப் போன இளம் அறுவை மருத்துவர் அம்புறோஸ் பாரேக்கு இன்னொரு பாடம் கிடைத்தது. துப்பாக்கிக் காயத்தில் வெடிமருந்தின் விஷம் இருக்கிறது, அதைக் கொதிக்கும் எண்ணெய் ஊற்றிச் சுட வேண்டும் என்பது அன்றைய முறை. ஒரு நாள் எண்ணெய் தீர்ந்துபோனது. வேறு வழியின்றி முட்டை மஞ்சள் கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்துப் பூசினார். சுடாமல் விட்டவர்கள் இறந்திருப்பார்களோ என்ற பயத்தில் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் களிம்பு பூசப்பட்டவர்கள் அதிக வலியின்றி இருந்தார்கள். எண்ணெய் ஊற்றப்பட்டவர்களோ காய்ச்சலிலும் வீக்கத்திலும் துடித்துக் கொண்டிருந்தார்கள். விஷத்தை அழிப்பதாக எண்ணி மருத்துவர்கள் சதையையே அழித்துக் கொண்டிருந்தார்கள்!

எதிரி கண்டுபிடிக்கப்பட்டான்

1865 ஆகஸ்ட் 12. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவனின் காலில் வண்டிச் சக்கரம் ஏறியது. எலும்பு முறிந்து தோலும் கிழிந்திருந்தது. அக்காலத்தில் இப்படிப்பட்ட காயத்துக்குப் பெரும்பாலும் காலை வெட்டி எடுப்பதுதான் சிகிச்சை. ஜோசப் லிஸ்டர் என்ற மருத்துவர் வெட்டவில்லை. பொருட்கள் அழுகுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்ற லூயி பாஸ்டரின் ஆய்வை அவர் படித்திருந்தார். காயத்தில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டினார். ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. சிறுவனின் கால் தப்பியது.

லிஸ்டரின் கணக்கே இதற்குச் சாட்சி. கார்பாலிக் அமிலத்துக்கு முன் அவர் செய்த 35 உறுப்பு நீக்க அறுவைகளில் 16 பேர் இறந்தார்கள். அதன் பின் செய்த 40 அறுவைகளில் இறந்தவர்கள் 6 பேர் மட்டுமே.

1880ல் அபர்டீன் நகரின் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் சீழை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். திராட்சைக் குலை போலக் கொத்துக் கொத்தாக உருண்டைக் கிருமிகள்! திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஸ்டாஃபிலோகாக்கஸ்' என்று பெயர் வைத்தார். 1884ல் ஜெர்மனியின் ரோசன்பாக் அதில் இரண்டு வகையைப் பிரித்தார். ஒன்று பொன்னிறம், மற்றது வெள்ளை. பொன்னிறத்துக்கே எல்லாக் கெட்ட பெயரும் போய்ச் சேர்ந்தது. வெள்ளை வகை எல்லோர் தோலிலும் சும்மா இருக்கும் ஒன்றாகக் கருதப்பட்டது. அந்த வெள்ளைக் கிருமியை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் அது திரும்பி வரும்.

மருந்தே காயத்துக்கு எதிரியானபோது

முதல் உலகப் போர் தொடங்கியபோது மருத்துவர்கள் லிஸ்டரின் வழியில் அமிலங்களைக் காயங்களில் தாராளமாக ஊற்றினார்கள். ஆனாலும் வீரர்கள் செத்துக் கொண்டே இருந்தார்கள். எரு போட்ட வயல்களில் நடந்த போர் அது. குண்டுச் சிதறல்கள் சேறு படிந்த துணியையும் சேர்த்துச் சதைக்குள் ஆழமாக இழுத்துச் சென்றன.

பிரான்சின் பூலோன் நகரில் ஒரு சூதாட்ட மாளிகை ராணுவ மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. அங்கே அல்ம்ராத் ரைட்டின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். ஆம், பின்னாளில் பெனிசிலினைக் கண்டுபிடித்த அதே ஃபிளெமிங்! கண்ணாடிக் குழாயை உருக்கி, முள் முள்ளாக இழுத்து ஒரு செயற்கைக் காயம் செய்தார். அதில் கிருமி கலந்த நீர்மத்தை நிரப்பிக் கொட்டிவிட்டுக் கிருமிநாசினியை ஊற்றினார். முட்களின் நுனியில் ஒளிந்திருந்த கிருமிகள் பிழைத்து மறுபடி பெருகின. அதைவிட மோசமான செய்தி வேறொன்று. கிருமிகளைக் கொல்லப் போதாத அளவு கார்பாலிக் அமிலம், கிருமிகளோடு போராடும் வெள்ளை அணுக்களைக் கொன்றுவிட்டது. கொதிக்கும் எண்ணெய் வேறு உருவத்தில் திரும்பி வந்திருந்தது!

செத்த சதையை வெட்டி நீக்கிச் சுத்தம் செய்வது, காயத்தைச் சில நாள் திறந்தே வைத்துப் பிறகு தைப்பது ஆகிய முறைகள் அந்தப் போரில்தான் வேரூன்றின.

உள்ளே இருக்கும் அடுப்பு

உடல்தான் ஆற்றுகிறது என்றால், அதற்கு வேண்டிய சரக்கு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் வளர்சிதை மாற்றம் வருகிறது.

1740ல் புறப்பட்ட ஆன்சனின் கடற்பயணத்தில் ஸ்கர்வி நோய் கண்ட ஒரு மாலுமிக்கு, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் போரில் பட்டு ஆறிய காயம் மீண்டும் திறந்து கொண்டதாகப் பதிவு இருக்கிறது. காரணத்தைச் சோதித்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த இளம் மருத்துவர் ஜான் கிராண்டன். 1939ல் அவர் வைட்டமின் சி இல்லாத உணவை ஆறு மாதம் சாப்பிட்டார். மூன்றாம் மாதம் தன் முதுகில் ஒரு வெட்டுப் போடச் செய்தார். அது நன்றாக ஆறியது. ஆறாம் மாதம் போட்ட வெட்டு மேலே மூடியது போலிருந்தும் உள்ளே ஒட்டவே இல்லை. வைட்டமின் சி ஏற்றியதும் பத்தே நாளில் ஆறியது. புதிய சதையைப் பிடித்து வைக்கும் கொலாஜன் என்ற புரதம் உறுதிப்பட வைட்டமின் சியும் ஆக்சிஜனும் தேவை.

சர்க்கரை நோயாளியின் பாதம் ஆறாததற்கும் இங்கே விளக்கம் இருக்கிறது. ரத்தக் குழாய் சுருங்கி ஆக்சிஜன் குறைகிறது. சர்க்கரை மிகுந்த ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மந்தமாகின்றன. நரம்பு மரத்துப் போவதால் புண் இருப்பதே தெரிவதில்லை.

வெள்ளைக் கிருமி திரும்பி வந்தது

1960களில் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள், ஒரு கிராம் சதையில் பாக்டீரியா ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் புண் பெரும்பாலும் மூடிவிடுகிறது என்று கண்டார்கள். கிருமி இருக்கிறதா என்பதை விட எவ்வளவு இருக்கிறது என்பதே முக்கியம் என்று ஆனது.

2009ல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோ ஆய்வாளர்கள் ரோசன்பாக்கின் வெள்ளைக் கிருமியை, அதாவது 'ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்' என்பதை, மீண்டும் மேடைக்குக் கொண்டு வந்தார்கள். அதன் சுவரில் உள்ள ஒரு பொருள், காயத்தில் ஏற்படும் அளவுக்கு மீறிய அழற்சியை அடக்குகிறது என்று காட்டினார்கள். 2018ல் வந்த ஓர் ஆய்வில், இதே பாக்டீரியா தூண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் எலிகளில் காயத்தை விரைவாக மூட உதவின. 2021ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள், சிறு காயங்களில் தடவிய நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு மனிதர்களிலும் ஆறுவதைத் தாமதப்படுத்தியதைக் கண்டார்கள்.

உடனே கிருமி நண்பன் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 2014ல் வந்த ஓர் ஆய்வில் கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்குக் காயம் வேகமாக ஆறியது. அதே வெள்ளைக் கிருமி செயற்கை மூட்டிலும் இதய வால்விலும் ஒட்டிக் கொண்டால் ஆபத்தான தொற்று உண்டாகிறது. 'மெச்சத்தக்க சீழ்' காலத்துக்குத் திரும்ப யாரும் சொல்லவில்லை.

வரலாறு சொல்வது இதுதான்: லிஸ்டர் இல்லாவிட்டால் கிரீன்லீஸின் கால் போயிருக்கும். ஃபிளெமிங்கின் எச்சரிக்கை இல்லாவிட்டால் மருந்தே சதையைத் தின்றிருக்கும். கிருமியை அளவோடு வைப்பது மருத்துவரின் வேலை. புண்ணை ஆற்றுவது உடலின் வேலை. அந்த உடலுக்கு ரத்த ஓட்டமும் நல்ல உணவும் கட்டுப்பாட்டில் உள்ள சர்க்கரையும் வேண்டும். இவை இல்லாத பாதத்தில் எந்தக் களிம்பைப் பூசினாலும் புண் ஆறாது.