கொலைக் கதையும் ஆத்தும சோதனையும்

திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டு நம் பங்கு இல்லத்திற்கு வந்த கல்லூரி மாணவர் ஒருவர், மேசைமேல் திருப்புகழ்மாலை நூலின் அருகே கிடந்த கொலை மர்ம நாவலைக் கண்டு புன்னகைத்தார். "சாமி, நீங்களும் இதெல்லாம் படிப்பீங்களா?" என்றார். அக்கேள்வியில் வியப்பு பாதி, ஏமாற்றம் பாதி. அன்று சிரித்துச் சமாளித்து அவரை அனுப்பிவைத்தோம். சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியை இங்கே எழுதுகிறோம்.

துப்பறியும் கதை மிகப் பழமையான இலக்கிய வகையன்று. அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1841இல் வெளியிட்ட 'ரூ மோர்க் கொலைகள்' என்னும் சிறுகதையையே அதன் தொடக்கமாகப் பெரும்பாலோர் கொள்வர். 1887இல் ஆர்தர் கோனன் டாயில் படைத்த ஷெர்லக் ஹோம்ஸ் இவ்வகையை உலகெங்கும் பரப்பினார். இயேசு சபையாரின் பள்ளியில் பயின்ற டாயில், பின்னாளில் கத்தோலிக்க விசுவாசத்தை விட்டு விலகியவர். அவருடைய ஹோம்ஸ் புறத்தே நின்று பார்ப்பவர். சுருட்டின் சாம்பலும் காலணியில் ஒட்டிய சேறும் அவருக்குப் போதும். குற்றவாளி அவருக்கு ஓர் ஆய்வுப் பொருளே.

வேறொரு பாதை வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் திறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கில்பர்ட் கீத் செஸ்டர்ட்டன் என்னும் இளம் எழுத்தாளர் கீத்லி நகரில் ஜான் ஓகானர் என்னும் ஐரிஷ் குருவானவரைச் சந்தித்தார். இருவரும் மேட்டுநிலத்தைக் கடந்து நடந்தனர். வழியில், சமூகத் தீமைகள் சிலவற்றைக் குறித்துச் செஸ்டர்ட்டன் தம் கருத்தைக் கூற, குருவானவர் அமைதியாக அதைத் திருத்தினார். மனித உள்ளத்தின் இருண்ட மூலைகளை அவர் அறிந்திருந்த ஆழம் எழுத்தாளரைத் திடுக்கிட வைத்தது. பின்னர் அவர்கள் சேர்ந்த வீட்டில் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர், குருக்கள் அடைபட்டு வாழ்வதால் உலகின் தீமையை அறியாதவர்கள் என்று பேசியபோது, செஸ்டர்ட்டன் சிரிப்பை அரிதில் அடக்கிக்கொண்டார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருப்பவர் எதைத்தான் கேட்டிருக்க மாட்டார்? இந்நிகழ்ச்சியைச் செஸ்டர்ட்டனே 1936இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் பதிந்துள்ளார்.

இந்த அனுபவத்திலிருந்து பிறந்தவரே பிரவுன் அடிகளார். முதற்கதையான 'நீலச் சிலுவை' 1910இல் வெளிவந்தது. முதல் தொகுதி 1911இல் நூலாயிற்று. அந்நாளைய இங்கிலாந்தில் கத்தோலிக்கக் குருவைக் கதைத்தலைவராக்குவது எளிய செயலன்று. 1908இல் லண்டனில் அனைத்துலக நற்கருணை மாநாடு நடந்தபோது, நற்கருணையை வீதியில் பவனியாக எடுத்துச் செல்ல அரசு இடந்தரவில்லை. செஸ்டர்ட்டனோ அப்போது கத்தோலிக்கரும் அல்லர். ஆயினும் தம் கதையிலும் லண்டனில் ஒரு நற்கருணை மாநாட்டை அமைத்து, அதற்கு வரும் குள்ளமான, வட்ட முகமுடைய, குடையை அடிக்கடி கீழே போடும் நாட்டுப்புறக் குருவை நாயகராக்கினார். நீலக்கற்கள் பதித்த வெள்ளிச் சிலுவையைத் திருட, குருவைப்போல வேடமிட்டு வருகிறான் பிளாம்போ என்னும் திருடன். அவனைக் காட்டிக்கொடுத்த துப்புகளுள் ஒன்று நம் சிந்தனைக்குரியது. அவன் மனித அறிவை இழித்துப் பேசினான். இறையியல் கற்ற குரு அவ்வாறு பேசமாட்டார் என்று பிரவுன் அடிகளார் கண்டுகொண்டார். விசுவாசத்திற்கும் பகுத்தறிவுக்கும் பகை என எண்ணுவோர்க்கு இது நல்ல பாடம்.

அதே தொகுதியில் 'கடவுளின் சுத்தியல்' என்றொரு கதை உண்டு. சிற்றூர் ஒன்றில் ஒழுக்கங்கெட்ட கர்னல் ஒருவர் சிறு சுத்தியலால் மண்டை பிளந்து கிடக்கிறார். சந்தேகம் கொல்லன்மீதும், அவன் மனைவிமீதும், அறிவு வளராத ஓர் இளைஞன்மீதும் மாறிமாறி விழுகிறது. கொன்றவரோ இறந்தவரின் உடன்பிறந்தவர். செபத்திலேயே காலங்கழிக்கும் ஆங்கிலிக்கக் குரு. கோவிலின் உயர்ந்த இடங்களில் நின்று செபித்துச் செபித்து, கீழே நடமாடும் மனிதரைப் பூச்சிகளாகக் காணப் பழகியவர். தீர்ப்பிடும் உரிமை தமக்குண்டென எண்ணியவர். பிரவுன் அடிகளார் அவரைக் காவலரிடம் காட்டிக்கொடுக்கவில்லை. தாம் அறிந்ததைப் பாவசங்கீர்த்தன இரகசியம்போல் காப்பதாகச் சொல்லி, முடிவை அவர் மனச்சாட்சிக்கே விடுகிறார். அவர் தாமே இறங்கிச் சென்று சரணடைகிறார்.

செஸ்டர்ட்டன் 1922 ஜூலை 30 அன்று கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அவரை ஏற்றுக்கொண்டவர் அதே ஓகானர் அடிகளார். அவர் வாழ்ந்த ஊரில் அப்போது கத்தோலிக்கக் கோவில் இல்லை. விடுதி ஒன்றை ஒட்டிய தகரக் கொட்டகையே கோவிலாய் இருந்தது. 1927இல் வெளிவந்த 'பிரவுன் அடிகளாரின் இரகசியம்' என்னும் நூலில் கதைநாயகர் தம் முறையை விளக்குகிறார். கொலைகாரனை வெளியே நின்று அளந்து பார்ப்பதில்லை. அவனுடைய உள்ளத்திற்குள் புகுந்து, தாமும் அக்கொலையைச் செய்யக்கூடியவரே என்று உணரும்வரை சிந்திக்கிறார். அதை ஒரு பக்தி முயற்சியாகவே கருதுகிறார்.

மற்றொரு குருவானவரும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறார். ஆங்கிலிக்க ஆயர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, 1917இல் கத்தோலிக்கரான ரொனால்ட் நாக்ஸ் அடிகளார், பின்னாளில் விவிலியத்தைத் தனியொருவராக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். துப்பறியும் நாவல்களும் எழுதிய அவர், 1929இல் இவ்வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தார். கண்ட துப்பை வாசகரிடம் மறைக்கலாகாது. இயற்கைக்கு மேற்பட்ட சக்திகளைத் துணைக்கு அழைக்கலாகாது. குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே இடம்பெற்றவராய் இருக்க வேண்டும். பாதி விளையாட்டாக எழுதிய விதிகளே இவை. ஆயினும் கடைசியாகச் சொன்ன விதி நம்மை நிறுத்துகிறது. குற்றவாளி எங்கிருந்தோ வந்த அந்நியன் அல்லன். முதலிலிருந்தே நம்மோடு பந்தியில் அமர்ந்திருப்பவன்.

பின்வந்தோரும் இவ்வழியில் நடந்தனர். உம்பர்த்தோ எக்கோ 1980இல் எழுதிய 'ரோஜாவின் பெயர்' 1327ஆம் ஆண்டின் துறவுமடத்தில் நிகழ்வது. அதில் துப்பறிபவர் பிரான்சிஸ்கன் துறவி. பி. டி. ஜேம்ஸ் 2001இல் வெளியிட்ட ஒரு நாவல் ஆங்கிலிக்க இறையியல் கல்லூரியிலேயே நிகழ்கிறது. இக்கால நாவல்கள் சிலவோ சிதைந்த உடலை வருணிப்பதில் காட்டும் அக்கறையைச் சிதைந்த ஆன்மாவின்மேல் காட்டுவதில்லை. அத்தகையவற்றை நாம் பாதியில் மூடிவைத்ததுண்டு.

இவ்வளவும் வெறும் பொழுதுபோக்கா என்று கேட்போருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். முன்னர் நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் கோவில் உண்டியல் உடைக்கப்பட்டது. முன்பொருமுறை சிறு திருட்டில் அகப்பட்டிருந்த ஓர் ஏழை இளைஞரையே ஊரார் சுட்டினர். அவ்வாண்டுத் திருவிழாவில் சப்பரம் தூக்க அவருக்கு இடந்தர வேண்டாம் என்று பங்குப் பேரவையினர் கூறினர், நாம் மறுக்கவில்லை. எட்டு மாதங்களுக்குப் பின், வெளியூரில் பிடிபட்ட சிலர் அத்திருட்டை ஒப்புக்கொண்டனர். மன்னிப்புக் கேட்க அவ்வீட்டிற்குச் சென்றோம். தாயார் நமக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். மகனோ பிழைப்புத் தேடி ஊரைவிட்டே போயிருந்தார். பிரவுன் அடிகளாரின் கதைகளை அதற்கு முன்பே படித்திருந்தோம் என்பதுதான் நம்மை இன்றும் உறுத்துகிறது.

இராவுணவின்போது, தங்களுள் ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்று கேட்ட சீடர்கள், அடுத்திருந்தவரைச் சுட்டவில்லை. ஒவ்வொருவரும் தம்மையே ஐயுற்றுக் கேட்டனர்.

ஆகவே, தம்பி, படிக்கலாம். கடைசிப் பக்கம் முடிந்ததும் நூலை உடனே மூடிவிட வேண்டாம். கதை நெடுக யார்மேல் சந்தேகம் கொண்டோம், எதற்காகக் கொண்டோம் என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். அவர் வேலைக்காரர் என்பதாலா? அயலார் என்பதாலா? முன்பு ஒருமுறை தவறியவர் என்பதாலா? அன்றிரவு ஆத்தும சோதனைக்கு அவ்வினாக்களே போதும்.