உளூ நீரும் பாலாறும்

வளாகச் சுற்றுச்சூழல் நலத்துக்கு இஸ்லாமிய விழுமியங்களைப் பயன்படுத்துவது குறித்த கட்டுரைகளில் அமானத் (அடைக்கலப் பொறுப்பு), மீஸான் (சமநிலை) ஆகிய சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. அவ்விழுமியங்கள் வரலாற்றில் கடுஞ்சோதனைக்கு உள்ளான நிலம், ஸ்ரீராம்புரத்திலிருந்து எழுதும் எனக்குத் தொலைவானதன்று. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு பாய்ந்து செல்லும் வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரமே அது.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. மேல்விஷாரத்தில் 1965இல் எழுந்த கல்லூரி, தோல் வணிகரும் கொடையாளருமான நவாப் சி. அப்துல் ஹக்கீமின் பெயரைத் தாங்குகிறது. தோல் வணிகம் ஈட்டிய செல்வத்தில் ஒரு பங்கு இவ்வட்டாரத்தில் கல்விக்கொடையாயிற்று. முற்காலத்தில் பெரிதும் ஆவாரம்பட்டை கொண்டே தோல் பதனிடப்பட்டது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் குரோமியப் பதனிடல் பெருகியது. கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கியது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் இத்தீர்ப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

இக்கோட்பாடு இஸ்லாமியச் சட்ட மரபுக்கு அந்நியமானதன்று. பிறருக்குத் தீங்கிழைத்தலாகாது என்னும் நபிமொழி, உஸ்மானியச் சட்டத் தொகுப்பான மஜல்லாவில் 19ஆம் விதியாக இடம்பெற்றது. ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்னும் அறிவுரையை இப்னு மாஜா பதிவு செய்துள்ளார். ஆற்றுநீரை மிகுதியாகச் செலவிடுவதே தவறெனில், அந்த ஆற்றையே பயன்படாததாக்குவதை எவ்வாறு மதிப்பிடுவது?

எனவே வளாகத்தில் மரம் நடுவதோடு பணி முடிந்துவிடாது. உளூ நீரை மரங்களுக்குத் திருப்புவதும், ஆய்வுக்கூட வேதிக்கழிவைத் தனியே பிரித்து அகற்றுவதும், சுற்றுப்புறக் கிணற்று நீரை ஆண்டுதோறும் சோதித்து முடிவை ஊருக்கு அறிவிப்பதும் அமானத்தே. வேதியியல் துறையும் அரபுத் துறையும் சேர்ந்து செய்யத்தக்க பணி இது.

கொடையால் எழுந்த கல்விக்கூடங்கள் கொடையாளருக்கு நன்றிக்கடன் பட்டவை. ஆற்றுக்கும் அக்கடன் உண்டு. முன்னதைக் கட்டடங்களுக்குச் சூட்டிய பெயர்களால் செலுத்திவிட்டோம். பின்னது இன்னும் நிலுவையில் இருக்கிறது.