கோயிற்பற்று ஏடுகளும் தமிழர் குடிவரலாறும்

ஏழு தலைமுறை என்னும் சொற்றொடர் தமிழர் வாயில் எளிதாக வரும். ஆயின், தம் முன்னோர் எழுவர் பெயரைத் தடையின்றிச் சொல்ல வல்லார் மிகச் சிலரே. பெரும்பாலோர் பாட்டனாரின் தந்தையாரோடு நின்றுவிடுவர். பாட்டிமார் பெயர் அதற்கும் முன்னரே மறைந்துவிடும். அரசர் மரபுக்குக் கல்வெட்டு உண்டு, செப்பேடு உண்டு. உழுதுண்டு வாழ்ந்த குடிக்கும், கணக்கெழுதிப் பிழைத்த குடிக்கும் எவ்வகைச் சான்று உண்டு என்பது சிந்திக்கத்தக்கது.

இங்கிலாந்தில் ஒரு சிற்றூர் உழவனுங்கூட இவ்வினாவுக்கு விடை காண வழியுண்டு. எட்டாம் என்றி மன்னனின் அமைச்சராகிய தோமசு குரொம்வெல் 1538 ஆம் ஆண்டில் ஒரு கட்டளை பிறப்பித்தார். ஒவ்வொரு கோயிற்பற்றின் குருவும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்னும் மூன்றையும் ஓர் ஏட்டில் எழுதி வரல் வேண்டும் என்பதே அது. 1837 ஆம் ஆண்டில் அரசாங்கப் பதிவு தொடங்கும் வரை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுக் காலம், ஊரவர் வாழ்வும் சாவும் அவ்வேடுகளிலேயே அடங்கின. பிரபுவும் அவர்தம் குதிரைக்காரனும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதப்பட்டமையின், எழுத்தறியாதவன் வழித்தோன்றலும் தன் மரபை அங்கே தேடலாம்.

இலங்கைத் தமிழர்க்கு இத்தகைய ஏடு இல்லையென எண்ணுவோர் பலர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று. கோயிற்பற்று என்ற சொல்லே யாழ்ப்பாணத்தில் வழங்கி வந்த சொல்லாகும். போர்த்துக்கேயர் குடாநாட்டை 32 கோயிற்பற்றுகளாக வகுத்தனர். வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி ஆகிய பகுதிகளில் அவர்கள் கட்டிய கோயில்களை மையமாகக் கொண்டு அப்பிரிவுகள் அமைந்தன. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினரேயன்றிக் கோயிற்பற்றுகளைக் கைவிட்டாரல்லர். அக்கோயில்களைத் தம் சபைக்கு ஆக்கி, அவற்றோடு பாடசாலைகளைச் சேர்த்து நடத்தினர்.

இங்கே குடிவரலாற்றை ஆராய்வார்க்கு முதன்மையானவர் பாடசாலை ஆசிரியரே. எழுத்துச் சொல்லிக் கொடுத்தலோடு அவர் கடமை முடிந்திலது. ஊரிலுள்ள குடும்பங்களைப் பதிந்து வைத்தலும், ஞானஸ்நானமும் விவாகமும் நிகழ்ந்த நாளைக் குறித்தலும் அவர் பொறுப்பாயின. இவ்வாறு உண்டான ஏடு பாடசாலைத் தோம்பு எனப்பட்டது. இதனின் வேறாக, நிலத்தையும் அதன் உரிமையாளரையும் வரிப்பொருட்டு எழுதிய நிலத்தோம்பும் உண்டு. தோம்பு என்பது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். அது யாழ்ப்பாணத்தார் பேச்சில் நன்றாக வேரூன்றி, காணி உறுதிகளில் இன்றளவும் காணப்படுகின்றது.

சைவக் குடிகளுக்குக் கிறித்தவர் ஏட்டால் யாது பயன் என்னும் வினா இவ்விடத்து எழும். ஒல்லாந்தர் ஆட்சியிலே பதிவு செய்யப்படாத விவாகம் சட்டத்தின் முன் விவாகமாகாது. அவ்விவாகத்திற் பிறந்த பிள்ளையின் முதுசவுரிமைக்கும் இடையூறு நேரும். உத்தியோகம் வேண்டினாரும் ஞானஸ்நானம் பெற்றவராதல் வேண்டும். ஆகவே நெற்றியில் நீற்றை அழித்துவிட்டுக் கோயிலுக்குச் சென்று பெயர் பதிந்து, வீட்டுக்கு மீண்டு நீறணிந்தவர் பலர். எமேர்சன் தெனன்ற் 1850 ஆம் ஆண்டில் இலங்கையிற் கிறித்தவ சமயம் பற்றி எழுதிய நூலில், இவ்வாறு பெயரளவில் மதம் மாறியோரைக் குறித்து விரிவாகப் பேசுகின்றார். பிரித்தானியர் வந்தபின் அக்கட்டாயம் தளர, பதிந்த கூட்டமும் விரைந்து கலைந்தது. நூல்கள் இதனைப் பொய்ச்சமயம் என்று பழிக்கும். பழி எதுவாயினும் ஆகுக. அந்த ஏட்டில் எழுதப்பட்டவர்களிற் பலர் இன்றைய சைவக் குடும்பங்களின் முன்னோரே. தம் மனத்துக்கு மாறாக அவர்கள் கொடுத்த பெயரே அவர்களைப் பற்றி எஞ்சியுள்ள எழுத்தாகவும் இருத்தல் கூடும்.

கொழும்பிலோ நிலைமை இன்னும் சிக்கலானது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் வுல்வெண்டால் மேட்டிலே ஒல்லாந்தர் 1749 இல் தொடங்கி 1757 இல் நிறைவு செய்த தேவாலயம் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. கோட்டைக்குள் அடக்கம் பண்ணப்பட்ட தேசாதிபதிகளின் எச்சங்களும் 1813 ஆம் ஆண்டில் அங்கே கொண்டுவரப்பட்டன. அதன் நிலத்திலும் சுவரிலும் உள்ள கற்களை நோக்குவார், அஃது ஒல்லாந்தர்க்கும் பறங்கியர்க்குமே உரிய இடம் என்று எண்ணித் திரும்புவர். ஆயின் அச்சபையிலே தமிழரும் இருந்தனர். கொழும்பிற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ (1723–1790) அச்சபையின் குருவாக உயர்ந்து, விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டவர். சைமன் காசிச்செட்டி 1859 இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் சரித்திர நூலில் அவருக்கும் இடம் கொடுத்தார். பெயரை மாத்திரம் பார்த்துத் தமிழரைத் தேடுவான் ஒருவன் தெ மெல்லோ என்னும் வரியைப் போர்த்துக்கேயருடையதென்று தள்ளிவிடுவான். கொழும்புப் பதிவேடுகளில் தேடுவார்க்கு நேரும் பெரும் பிழை இதுவே. ஞானஸ்நானப் பெயர் ஒருவன் நின்ற சபையைக் காட்டுமேயன்றி அவன் வந்த குடியைக் காட்டாது. தந்தை, தாய், சாட்சிகள் ஆகியோர் பெயரையும் சேர்த்துப் படித்தாலன்றி உண்மை புலப்படாது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஒண்டாச்சி குடும்பம். கொழும்பில் 1943 இற் பிறந்து கனடாவில் வாழும் எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி, தம் குடும்பத்தைத் தேடி இலங்கைக்கு மீண்ட செய்தியை 1982 இல் நூலாக வெளியிட்டார். அதில் ஒரு பகுதி கொழும்பிலுள்ள புனித தோமையார் ஆலயத்தைப் பற்றியது. ஆலயத்தின் கற்றளத்தில் தம் குடிப்பெயர் பெரிய எழுத்திற் செதுக்கப்பட்டிருக்கக் கண்டு அவர் மண்டியிட்டார். பின்னர்ப் பழைய பதிவேடுகளை வாங்கிப் புரட்டினார். ஒரு பெயரைத் தேடிச் சென்றவருக்குக் கல்லிலும் தாளிலும் அப்பெயர் நிறைந்திருக்கக் கிடைத்தது. அப்பெயருடையாருள் சைமன் என்பாரை இலங்கையில் அரசாங்கத் தமிழ்ச் சபைக்குருவாக இருந்தவர்களுள் இறுதியானவர் என அவர் குறிக்கின்றார். ஏட்டின் தாள்களை இராமபாணப் பூச்சி அரித்திருந்ததையும் அவர் சொல்லாமல் விடவில்லை.

அந்நூலிலேயே வேறோரிடத்தில் குடும்பத்தின் செவிவழிச் செய்தி ஒன்று வருகின்றது. முதல் முன்னோர் ஒரு வைத்தியர். 1600 ஆம் ஆண்டில் வந்து, தேசாதிபதியின் மகளை ஒரு மூலிகையாற் குணப்படுத்தி, நிலமும் அந்நிய மனைவியும் ஒல்லாந்த எழுத்தில் அமைந்த பெயரும் பரிசாகப் பெற்றார் என்பது அது. கேட்பதற்கு இனிய கதை. ஆனால் ஒல்லாந்தர் கப்பல் இலங்கைக் கரையைக் கண்டதே 1602 இல்; கொழும்பு அவர் கைப்பட்டது 1656 இல். 1600 இற் கொழும்பை ஆண்டவர் போர்த்துக்கேயர். அவர் காலத்திலே ஒல்லாந்த எழுத்தில் ஒரு பெயர் பரிசாகக் கிடைத்தல் எங்ஙனம்? வம்சாவழிக் குறிப்புகளோ தஞ்சாவூரிலிருந்து மிக்கேல் யூரி ஒண்டாச்சி 1659 இல் வந்தார் என்றும், தேசாதிபதி அதிரியான் வன் தெர் மெய்தனின் மனைவிக்கு மருத்துவம் செய்தார் என்றும் கூறும். அத்தேசாதிபதி அக்காலத்தில் ஆண்டவரே ஆதலின் இச்செய்தி காலத்தோடு பொருந்துகின்றது. மனைவி மகளாயினாள், அறுபது ஆண்டு மூப்புக் கூடிற்று. கதையைச் சொன்னோர் பொய் சொன்னாரல்லர். வாய்மொழி தலைமுறைதோறும் குடிக்குச் சற்று முதுமையும் பெருமையும் ஏற்றிக் கொண்டே வரும். அதன் இயல்பு அது.

இதே குடியிற் பிறந்தவரே குவின்ற் ஒண்டாச்சி. 1758 இற் கொழும்பிற் பிறந்து, ஒல்லாந்திற் கற்று, 1780களில் உத்திரெக்டு நகரத்துத் தேசாபிமானிகளின் தலைவராகி, 1818 இற் பத்தாவியாவில் மறைந்தார். அவர் தந்தையார் கொழும்பிற் சபைக் குரு. தஞ்சாவூர் வைத்தியர் மரபு நூற்றுமுப்பது ஆண்டுக்குள் ஐரோப்பிய அரசியற் புரட்சியிற் புகுந்தமை வியப்பே.

குடிவரலாறு தேடுவார் பொதுவாக மறக்கும் பொருள் ஒன்றுண்டு, அது பெண்வழி. தமிழர் வாய்மொழி ஆண்மக்கள் பெயரையே அடுக்கிச் செல்லும். ஆயின் கிளாஸ் ஈசாக்சு 1707 இல் தொகுத்த தேசவழமையின்படி யாழ்ப்பாணத்துச் சொத்தில் ஒரு பெரும்பகுதி சீதனமாகத் தாயிலிருந்து மகளுக்குச் செல்வது. முதுசம் ஆண்வழியைக் காட்டினால் சீதன உறுதி பெண்வழியைக் காட்டும். ஞானஸ்நான ஏட்டிலும் தாயின் பெயர் எழுதப்படும். பாட்டியின் பாட்டி பெயரை வீட்டில் எவரும் அறியாவிடினும், சீதனக் காணியின் உறுதி அதை அறிந்திருத்தல் கூடும்.

வெள்ளவத்தையிற் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிற் பலவற்றின் வேர் அவ்வூர்க் கோயிற்பற்றில் இல்லை. உத்தியோகத்தின் பொருட்டு இருபதாம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து வந்தவர்களின் வழியினர் அவர்கள். தகரப் பெட்டிக்குள் பிறப்புச் சாட்சிப் பத்திரமும், ஏட்டுச் சாதகமும், உறுதிக் கட்டும் வைத்திருந்த வீடுகள் அங்கே பல இருந்தன. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் அவ்வீடுகள் எரிந்தபோது பெட்டிகளும் எரிந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1981 இல், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. அங்கே அழிந்த ஏட்டுச் சுவடிகளுக்கு மாற்றுப் படி இல்லை. வீட்டிலிருந்ததும் ஊரிலிருந்ததும் போயின. ஒல்லாந்த அரசு தன் வரிக்காகவும் சபைக்காகவும் எழுதிய தாள்களோ கொழும்புத் தேசிய சுவடிக்கூடத்தில் இன்னும் உள்ளன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை உலக நினைவுப் பதிவேட்டில் யுனெஸ்கோ 2003 இற் சேர்த்துக் கொண்டது.

அங்கே தேடச் செல்வார்க்கு இடர் இல்லாமலில்லை. மொழி பழைய ஒல்லாந்தம், எழுத்து நெருக்கமானது, தமிழ்ப் பெயர்கள் எழுதியவர் காதிற் கேட்டபடி சிதைந்து கிடக்கும். வேலாயுதரும் கந்தரும் ஒவ்வோர் ஊரிலும் பலர் ஆதலின் ஆட்பெயரைக் கொண்டு துணிதல் அரிது. அதனினும் காணியின் பெயரைக் கேட்டறிந்து செல்லல் நன்று. பிள்ளைகள் புதுப்பெயர் பெற்றனர், குடும்பங்கள் சமயம் மாறின, மீண்டன, ஊர்விட்டுப் பெயர்ந்தன. தோம்பிற் பதியப்பட்ட வயலும் வளவும் பழைய பெயராலேயே அழைக்கப்படுகின்றன. பெட்டி எரிந்த வீட்டிலும் அப்பெயரைச் சொல்ல ஒரு முதியவராவது இருப்பார். அவரிடம் முதலிற் கேட்டல் வேண்டும்.