ஐடியூன்ஸ் இசைப் பகிர்வும் கண்காணிப்பும்

ஐடியூன்ஸ் இசைப் பகிர்வு என்பது ஒரு கணினியில் உள்ள பாடல்களை அதே பிணையத்தில் உள்ள பிற கணினிகளில் கேட்க உதவிய வசதியாகும். ஆப்பிள் நிறுவனம் 2003 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஐடியூன்ஸ் 4ஆம் பதிப்பில் இது அறிமுகமானது. பாடல் கோப்பு மற்றக் கணினிக்குப் படியெடுக்கப்படுவதில்லை. கேட்கும் நேரத்தில் மட்டும் ஓடையாக அனுப்பப்படும்.

பின்னணி

1999இல் தொடங்கிய நாப்ஸ்டர் சேவை, முன்பின் அறியாதவர்களும் பாடல் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள வழிசெய்தது. இசை நிறுவனங்கள் தொடுத்த வழக்கினால் அது 2001 சூலையில் மூடப்பட்டது. இந்தச் சூழலில்தான் ஆப்பிள், வீட்டுக்குள் மட்டும் பகிரும் முறையை முன்வைத்தது.

செயற்பாடு

பகிரும் கணினி, டாப் எனப்படும் நெறிமுறையின்படி 3689ஆம் எண் துறையில் காத்திருக்கும். ரான்டேவூ (பின்னர் போன்ஜூர்) என்னும் நுட்பத்தால் அருகிலுள்ள கணினிகள் தாமாகவே அதைக் கண்டறியும். விரும்பினால் கடவுச்சொல்லும் வைக்கலாம்.

கட்டுப்பாடு

முதலில் இணைய முகவரியைத் தட்டச்சு செய்து தொலைவிலுள்ள கணினியுடனும் இணைய முடிந்தது. அந்நியர்களும் இவ்வாறு இணையத் தொடங்கவே, 2003 மே 27 அன்று வெளியான 4.0.1 பதிப்பு இவ்வழியை அடைத்தது. பகிர்வு உள்ளகப் பிணையத்துக்குள் சுருங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் விண்டோசு பதிப்பு வந்ததும், கல்லூரி விடுதிகளில் இவ்வசதி பரவியது. ஓடையாக வரும் பாடலைக் கோப்பாகச் சேமிக்கும் மைடியூன்ஸ் என்ற மென்பொருளும் அப்போதே தோன்றியது.

கண்காணிப்பு

எத்தனை பேர் இணைந்துள்ளனர் என்ற எண்ணிக்கையை மட்டுமே ஐடியூன்ஸ் காட்டியது. யார் கேட்கிறார், எந்தப் பாடல் என்பது தெரியாது. இக்குறையை இயக்குதளத்தின் கட்டளைகளைக் கொண்டு நிரப்பலாம். நெட்ஸ்டாட் கட்டளை 3689ஆம் துறையில் இணைந்துள்ள கணினிகளின் முகவரிகளைத் தரும். எல்எஸ்ஓஎஃப் கட்டளை ஐடியூன்ஸ் அப்போது திறந்துள்ள பாடல் கோப்பைக் காட்டும். இவ்விரு விவரங்களையும் சேர்த்தால் கண்காணிப்புக் கருவி உருவாகிவிடும். அழையாத விருந்தாளியை அறிய இது உதவியது. ஆனால், கேட்பவரின் விருப்பம் அவர் அறியாமலே வெளிப்படும் நிலையும் உண்டானது.

பகிர்பவரின் பக்கமும் இதே போன்ற தயக்கம் இருந்தது. அமெரிக்க அலுவலகம் ஒன்றில் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வு, சக ஊழியர்கள் தம்மை எப்படி மதிப்பிடுவார்கள் என்று எண்ணிப் பலரும் தம் பாடல் தொகுப்பைக் கவனமாகக் காட்டியதைப் பதிவுசெய்தது.

பிற்கால நிலை

2009 செப்டம்பரில் வெளியான ஐடியூன்ஸ் 9, வீட்டுப் பகிர்வு என்ற வசதியைக் கொண்டுவந்தது. ஒரே ஆப்பிள் கணக்கைப் பயன்படுத்தும் ஐந்து கணினிகள் வரை இதில் பாடல்களைப் படியெடுக்கவும் முடிந்தது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 2012 திருத்தத்துக்குப் பின், தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையைப் பாடல் பதிவுகளுக்கும் அனுமதிக்கிறது. பொதுமக்களுக்குப் பரப்புவதற்கு உரிமையாளரின் இசைவு வேண்டும். ஓன்டோன் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் டாப் நெறிமுறையை இன்றும் பயன்படுத்துகின்றன.