பச்சையும் பழியும்: உடற்குறி பற்றிய தமிழர் மனப்போக்கின் வரலாறு

தோலை ஊசியாற் குத்தி, அதனுள் கரியைப் புகுத்தி, அழியாத குறியிடும் வழக்கத்தைத் தமிழர் பச்சை குத்துதல் என்பர். கரி கருநிறமுடையது. ஆயினும் தோலின் அடியிற் சென்று தங்கிய பின் அது பச்சையாகவும் நீலமாகவும் கண்ணுக்குத் தோன்றுகிறது. அத்தோற்றமே வழக்கத்திற்குப் பெயராயிற்று. மேற்றோல் இடையறாது உதிர்ந்து புதுப்பிக்கப்படுவது. ஊசி செல்வதோ அதற்குக் கீழுள்ள அடித்தோலுக்கு. அங்குள்ள உயிரணுக்கள் கரித்துகளை விழுங்கித் தம்முள் அடக்கிக்கொள்கின்றன. அவை மடியுங்கால் அடுத்து வரும் அணுக்கள் அத்துகளை ஏற்றுக்கொள்கின்றன. ஆதலின் குறி ஆயுள் முழுதும் நிற்கிறது.

குறி மாறுவதில்லை, அதைப் பற்றிய மக்கள் மனம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இதனை எளிதிற் காணலாம். பாட்டியின் முன்கையில் இருந்த கோலப் பச்சையை அன்போடு நினைவுகூரும் வீட்டில், பேரன் கையில் பச்சையோடு வந்து நின்றால் சச்சரவு எழுகிறது. தைப்பூசத்தன்று நாவில் அலகு தரித்த மகனை வணங்கும் தந்தை, அதே மகன் தோளில் ஓர் உருவத்தைக் குத்திக்கொள்வதைப் பொறுப்பதில்லை. ஒரே வீட்டில் இத்துணை வேறுபட்ட மனப்போக்குகள் அமைந்தது எவ்வாறு? இதற்கு விடை வரலாற்றில் இருக்கிறது. உடலைக் குத்தச் சொன்னவர் யார், குத்திய குறியைப் படிப்பவர் யார் என்னும் இரண்டுமே காலந்தோறும் மதிப்பையும் பழியையும் வகுத்து வந்துள்ளன.

பழந்தமிழ் வழக்கு

சங்கப் பாடல்கள் மகளிர் தோளிலும் மார்பிலும் தொய்யில் எழுதும் வழக்கத்தைக் கூறுகின்றன. தொய்யிலைப் பச்சையின் முன்னோடி என்று சிலர் கருதுவதுண்டு. ஆயின் தொய்யில் குழம்பால் எழுதப்படுவது, அழிந்துவிடுவது. இன்று தீபாவளிக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பெண்கள் கையில் இட்டுக்கொள்ளும் மருதாணிக்கே அது நெருங்கிய உறவு. சில கிழமைகளில் மறையும் அழகுக்கு யாரும் தடை சொல்வதில்லை.

அழியாக் குறிக்கும் தமிழரிடையே பழமையான சான்று உண்டு. வைணவர், ஆசாரியனிடம் சங்கு சக்கரப் பொறிகளைத் தீயிற் காய்ச்சித் தோள்களில் ஒற்றிக்கொள்வர். இதனைத் திருவிலச்சினை என்பர். இது இன்றும் வழக்கில் உள்ளது. சோழர் காலத்தில் கோயிற்குரிய தேவரடியார்க்குச் சூல முத்திரை இடப்பட்டதைக் கல்வெட்டால் அறிகிறோம். காளத்திக் கோயிலைச் சார்ந்த சிலருக்கு அரச முத்திரை தவறாக இடப்பட்டு, பின்னர் அது மாற்றப்பட்ட செய்தியும் கிடைக்கிறது. ஆக, உடற்குறி இன்னாருக்கு உரியவர் என்பதை அறிவிக்கும் சாசனமாகவே முதலில் நின்றது. அடியவனுக்கு அது பெருமை தந்தது. ஆயினும் ஒருவர் மற்றொருவர்க்கு உரிமைப்பொருளாகும் நிலையும் அதனுள் அடங்கியிருந்தது.

குறத்தியின் ஊசி

ஊர்ப்புறத்துப் பச்சை இத்தகைய ஆணைகளுக்கு அப்பாற்பட்டது. அது பெண்கள் தமக்குள் நடத்திக்கொண்ட கலை. குத்துபவளும் பெண், குத்திக்கொள்பவளும் பெரும்பாலும் பெண். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கார் தர்ஸ்டன் 1906-லும் 1909-லும் வெளியிட்ட நூல்களில் இத்தொழிலை விரிவாகக் குறித்துள்ளார். மஞ்சட்பொடியையும் அகத்தியிலையையும் துணியில் வைத்துத் திரியாகச் சுருட்டுவர். அதை ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே புதுச்சட்டியைக் கவிழ்ப்பர். சட்டியின் உட்புறம் படியும் கரியைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ நீரிலோ குழைப்பர். மூன்று நான்கு தையல் ஊசிகளை ஒன்றாகக் கட்டி, அக்குழம்பைத் தொட்டுக் குத்துவர். கோலம், தேள், புள்ளிகள், உறவினர் பெயர் என வடிவங்கள் பல. வலி தெரியாதிருக்கக் குறத்தி பாடுவதும் உண்டு.

பொன்நகை அடகுக்குப் போகும், திருடு போகும், இறந்தபின் பிறர் கழற்றிக்கொள்வர். பச்சை ஒன்றே உடன்வரும் நகை என்று தாய்மார் கூறிவந்தனர். பொன் வாங்க இயலாத ஏழைப் பெண்ணுக்கு இச்சொல் எத்துணை ஆறுதலாயிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இக்கலையைக் கையில் வைத்திருந்த குறவர் குலத்திற்கு நேர்ந்தது ஒரு வரலாற்று முரண். 1871-இல் வடஇந்தியாவிற் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் சென்னை மாகாணத்திலும் நடைமுறைக்கு வந்தது. குறவரிற் பல பிரிவினர் பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று பதிவேட்டில் ஏற்றப்பட்டனர். ஊர் ஊராகச் சென்று பிறர் உடலில் அழகுக் குறியிட்டவர்கள்மேல் அரசாங்கம் பழிக்குறி இட்டது. 1952-இல் அச்சட்டம் இந்தியா முழுவதும் நீக்கப்பட்டது.

நெற்றியில் எழுதிய தீர்ப்பு

அரசாங்கம் இட்ட குறி என்பது இங்கு வெறும் உவமையன்று. கிழக்கிந்தியக் கும்பினியார் ஆட்சியில் ஆயுள் தண்டனைக் கைதிகளின் நெற்றியில் பெயரையும் குற்றத்தையும் பச்சையாகவே குத்தினர். வங்காளத்தில் 1797-ஆம் ஆண்டு ஒழுங்குவிதியாலும், சென்னையில் 1802 முதலும் இது சட்டமாயிற்று. இத்தண்டனைக்கு வழங்கிய கோதனா என்னும் பெயர், வடநாட்டுப் பெண்கள் விரும்பிக் குத்திக்கொள்ளும் பச்சைக்கும் உரிய பெயரேயாகும். அழகுக் கலையை அரசாங்கம் அப்படியே எடுத்துத் தண்டனையாக்கியது என்பதைப் பெயரே காட்டிக் கொடுக்கிறது.

மலாயாவின் வரலாற்றோடு இக்குறி நேரே தொடர்புடையது. 1790-ஆம் ஆண்டையொட்டிப் பினாங்கிற்கும், பின்னர் மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றிற்கும் இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். நீரிணைக் குடியேற்றங்களின் சாலைகளையும், சிங்கப்பூரின் செயின்ட் அண்ட்ரூஸ் தேவாலயத்தையும், ஆளுநர் மாளிகையையும் எழுப்பிய கைகள் அவர்களுடையவை. நெற்றிக்குறி பெற்றவர் தலைப்பாகையைத் தாழக் கட்டியும் முடியை வளர்த்தும் அதனை மறைக்க முயன்றனர். 1849-இல் இத்தண்டனை கைவிடப்பட்டது. 1873-இல் நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியக் கைதிமுறையே முடிவுற்றது. எனினும், பச்சை உடையவன் ஐயத்திற்குரியவன் என்னும் எண்ணம் அரசாங்க மனத்திற் பதிவதற்கு அரை நூற்றாண்டு போதுமானதாயிருந்தது.

கடல் கடந்த பச்சை

பின்னர் வந்தவர்கள் தோட்டத் தொழிலாளர். திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து ஒப்பந்த முறையிலும், 1910-இல் அது முடிவுற்ற பின் கங்காணி முறையிலும், மக்கள் மலாயா சேர்ந்தனர். 1901-இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கிக் கிள்ளான், கோலாலம்பூர் வட்டாரத் தோட்டங்களுக்குச் சென்றவர் பலர். 1972 முதல் அத்துறைமுகம் கிள்ளான் துறைமுகம் எனப்படுகிறது. கையில் மூட்டையும் உடலில் பச்சையும் கொண்டு வந்த பெண்களுக்கு, மூட்டையிலிருந்தவை தேய்ந்து போயின, பச்சை நின்றது.

கடல் கடந்தோரின் உடற்குறியை எழுத்தர்களும் கவனித்தனர். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்க நேத்தாலுக்குச் சென்ற தமிழரின் கப்பற் பதிவேடுகளில், பெயர், ஊர், வயது என்பனவற்றோடு உடலிலுள்ள அடையாளத்திற்கும் ஓர் இடம் இருந்தது. தாய் மகளுக்கு ஆசையாகக் குத்துவித்த புள்ளி அங்கே ஆளை அடையாளங் காணும் துப்பாக மாறியது. காலப்போக்கில் இவ்வேலையைக் கைரேகை ஏற்றுக்கொண்டது. மலாயாவில் 1948-இல் அவசரகால விதிகளின்படி அடையாள அட்டை வழங்கப்பட்டபோது, அதில் நிழற்படமும் பெருவிரல் ரேகையும் இடம்பெற்றன.

தோட்டம் துரையின் அனுமதியோடு நுழைய வேண்டிய இடம். குறத்தியின் சுற்றுப்பயணம் போன்ற ஊர்ப்புற ஏற்பாடுகள் அங்கு எளிதில் வேர்கொள்ளவில்லை. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியபின் ஊரிலிருந்து புதியவர் வரவும் சுருங்கியது. ஆதலின் லயத்திற் பிறந்த பெண்களிற் பெரும்பாலோர் கைகள் வெறுமையாயின. பச்சை, பாட்டிமார் தலைமுறையின் அடையாளமாக ஒதுங்கிற்று.

அதே அவசரகாலத்தில் வேறொரு பச்சையும் தோட்டப்புறத்திற்கு வந்தது. கம்யூனிஸ்டுப் படையினரின் தடம் அறியச் சரவாக்கிலிருந்து இபான் மக்கள் 1948 முதல் அழைத்துவரப்பட்டனர். அவர்களுள் ஒருவரான அவாங் அனாக் ராவெங், 1951-இல் ஜொகூர்க் காட்டிற் காட்டிய வீரத்திற்காக ஜார்ஜ் சிலுவை விருது பெற்றார். இபான் இளைஞன் வீட்டைவிட்டு வெளியூர்ப் பயணம் புறப்படும் பருவத்தில் இரு தோள்களிலும் கத்தரிப்பூ வடிவம் குத்திக்கொள்வது மரபு. அவன் சமுதாயத்தில் அது ஆண்மைக்கும் அனுபவத்திற்கும் சான்று. பச்சையைப் பழியாகக் கருதத் தொடங்கிய தமிழர் வாழ்ந்த நாட்டிலேயே, பச்சையால் மதிப்புப் பெற்ற மக்களும் இருந்தனர் என்பது நோக்கத்தக்கது.

சீர்திருத்தமும் வெட்கமும்

1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயா வந்தார். அதனையொட்டிச் சீர்திருத்த எண்ணம் வலுப்பெற்றது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு அதைப் பரப்பிற்று. கள், சாதிவேற்றுமை ஆகியவற்றோடு, காவடியில் உடலை வருத்திக்கொள்வதும் தீமிதியும் கண்டனத்திற்கு உள்ளாயின. பிற இனத்தார் முன் தமிழன் தலைநிமிர வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அந்நோக்கம் உயர்ந்தது. ஆயினும் பிறர் கண்ணால் தன் உடலைப் பார்க்கும் பழக்கமும் அதனோடு வளர்ந்தது. பாம்படத்தால் நீண்ட காதுமடலை வெட்டித் தைத்துக்கொண்டு சிறு தோடு அணிந்த தமிழ்நாட்டுப் பெண்களின் செயலும் இம்மனப்போக்கின் விளைவே. முன் தலைமுறை அழகென்று வளர்த்த காது, அடுத்த தலைமுறைக்குப் பட்டிக்காட்டுக் குறியாயிற்று.

பச்சையை முற்றிலும் கைவிட்டாரல்லர் தமிழர். 1970-களின் நடுவில் எம். ஜி. ராமச்சந்திரன், தம் கட்சித் தொண்டர்கள் கட்சிக் கொடியைக் கையிற் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். கட்சிக்குள்ளேயே எதிர்ப்பும் எழுந்தது. கொடியை மாற்றலாம், தோலை மாற்ற இயலுமா என்னும் கேள்வி அதன் அடியில் இருந்தது. பழைய முத்திரையின் உரிமைக் குரலை இங்கு மீண்டும் கேட்கிறோம்.

எண்ணும் ஐயமும்

மலேசியத் தமிழ்ப் பெற்றோரின் இன்றைய அச்சத்திற்கு அண்மைக்காலக் காரணம் குண்டர் கும்பல்களே. எண்ணைப் பெயராக வைக்கும் வழக்கம் சீன இரகசியச் சங்கங்களிலிருந்து வந்தது. அச்சங்கங்களை நீரிணைக் குடியேற்றங்களில் 1890 முதல் சட்டம் தடுத்தது, வழக்கம் மறையவில்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது வேலையும் இருப்பிடமும் இழந்து நகர்ப்புறம் வந்த குடும்பங்களின் இளைஞர் சிலரை இக்கும்பல்கள் ஈர்த்தன. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, 04, 08, 36 போன்ற எண்கள் நாளிதழ்களில் இடம்பெற்றன. அத்தகைய எண்ணோ சின்னமோ ஒருவன் தோலில் இருந்தால், அது அவன் யாருக்கு உரியவன் என்பதை மீண்டும் பறைசாற்றுகிறது. அதனைக் காவலரும் படிக்கின்றனர், எதிர்க்கும்பலும் படிக்கிறது.

இதன் சுமை, கும்பலோடு தொடர்பே இல்லாத இளைஞர்மேலும் விழுகிறது. தாயின் பெயரையோ வேலின் உருவத்தையோ குத்திக்கொண்டவனும் நேர்முகத் தேர்வில் நீண்ட சட்டைக்கையால் அதை மறைக்கிறான். கைதியின் தலைப்பாகை செய்த வேலையை இன்று சட்டைக்கை செய்கிறது.

அலகும் பச்சையும்

இனி, தொடக்கத்திற் கண்ட கேள்விக்கு வரலாம். பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுகிறது. அலகு ஒரு நேர்த்திக்கடன். நோன்போடு தொடங்கி, மலையேறி, அலகை நீக்கித் திருநீறு இடுவதோடு முடிகிறது. காதுகுத்தோ தாய்மாமன் மடியில் உறவினர் கூடி நடத்துவது. முன்னதற்குத் தெய்வமும் பின்னதற்குச் சுற்றமும் சாட்சி. பாட்டியின் பச்சைக்கு ஊர் வழக்கம் துணை நின்றது. பேரனின் பச்சைக்குச் சாட்சி அவன் ஒருவனே. தந்தையைச் சினமூட்டுவது பெரும்பாலும் ஊசியன்று. தன்னைக் கேளாமல் மகன் தன் உடலைத் தன்னுடையதாகக் கொண்டதே ஆகும்.

இதில் தந்தையின் கவலையைப் புறக்கணித்தல் தகாது. தூய்மையற்ற ஊசியால் கல்லீரல் அழற்சி நோய் பரவக்கூடும். ஒளிக்கதிர் சிகிச்சை கரித்துகளை உடைத்துக் குறியை மங்கச் செய்யினும், பலமுறை செய்ய வேண்டியது, செலவு மிக்கது, வடு எஞ்சுவதும் உண்டு. பதினைந்து வயதில் எழுதிய ஒரு சொல்லை ஐம்பது வயதிலும் சுமக்க நேரும். இவற்றை மாணவனுக்கு எடுத்துரைப்பது ஆசிரியர் கடமை.

ஆயினும் மாணவன் கையில் குறியைக் கண்டவுடன் அவனைக் கெட்டவன் என்று முடிவு செய்வது, நெற்றியில் எழுத்துக் குத்திய கும்பினி அதிகாரியின் கண்ணால் அவனைப் பார்ப்பதாகும். குறி கண்ணில் பட்டதும், இதை யார் சொல்லிக் குத்தினாய், இது யார் பெயர் என்று அமைதியாகக் கேட்கும் ஆசிரியர், அதன் பின்னுள்ள கதையை அறிவார். அக்கதை ஒரு கும்பலின் வற்புறுத்தலாக இருப்பின், அவனைக் காப்பாற்றக் காலம் இன்னும் இருக்கக்கூடும். இறந்த தாயின் நினைவாக இருப்பின், கண்டனத்திற்கு அங்கு இடமே இல்லை. மலாயாவிற்கு வந்த தமிழச்சியின் பச்சைக்கு அவள் மட்டுமே பொருள் சொல்ல வல்லவளாயிருந்தாள். எழுத்தர் அவளைக் கேட்டதில்லை; அடையாளம் என்று மட்டும் எழுதிக்கொண்டனர். அவ்வாறு கேளாது விட்ட குறை இத்தலைமுறையிலும் தொடர வேண்டுவதில்லை.