இலையா, ட்ரையரா, சந்தையா? நீலகிரித் தேயிலையில் நெருக்கடி இடம்பெயர்ந்த வரலாறு

1933இல் இந்தியா, இலங்கை, டச்சு ஆட்சியிலிருந்த கிழக்கிந்தியத் தீவுகள் ஆகிய மூன்று பகுதிகளின் தேயிலை உற்பத்தியாளர்கள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் தேயிலை விலை விழுந்துகிடந்த நேரம் அது. ஏற்றுமதிக்கு வரம்பு கட்டினார்கள். புதிய நடவையும் கடுமையாகக் கட்டுப்படுத்தினார்கள். இந்தியாவில் இதற்கெனச் சட்டம் வந்தது. எஸ்டேட்டுகளுக்குக் கோட்டா பிரித்துக் கொடுக்கப்பட்டது. அந்தக் கோட்டாவை ஓர் எஸ்டேட் இன்னொன்றுக்கு விற்கவும் முடிந்தது. தேயிலைக்கு ஒரு விலை, அதைக் கப்பலேற்றும் உரிமைக்குத் தனியே ஒரு விலை என்று இரண்டு விலைகள் புழங்கின.

இக்கட்டுரைக்கு முக்கியமானது அந்த இரண்டாவது விலை. ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1939இல், லெனின்கிராடில் லியோனிட் கான்டரோவிச் என்ற இளம் கணிதப் பேராசிரியர் உற்பத்தித் திட்டமிடலுக்கான கணித முறைகளைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒட்டுப்பலகைத் தொழில் நிறுவனம் ஒன்று அவரிடம் கொண்டுவந்த சிக்கலில் பிறந்தது அது. எட்டு எந்திரங்கள், ஐந்து வகை மரங்கள். எந்த மரத்தை எந்த எந்திரத்தில் எவ்வளவு நேரம் ஓட்டினால் மொத்த உற்பத்தி அதிகமாகும் என்பது கேள்வி. விடை காண அவர் ஒவ்வொரு கட்டுப்பாட்டோடும் ஓர் எண்ணைச் சேர்த்துவைத்தார். அந்த வளம் இன்னும் ஓர் அலகு கிடைத்தால் பயன் எவ்வளவு கூடும் என்பதே அந்த எண். பிற்பாடு அதற்கு நிழல் விலை என்ற பெயர் நிலைத்தது. 1947இல் அமெரிக்க விமானப்படைக்காக வேலை செய்த ஜார்ஜ் டான்ட்சிக் இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளக்ஸ் முறையை உருவாக்கியபின், நேரியல் திட்டமிடல் என்று பெயர்பெற்ற இந்த முறை உலகெங்கும் பரவியது. சொந்த நாட்டில் கான்டரோவிச்சின் எண்களுக்குச் சந்தை வாடை அடிப்பதாக நெடுநாள் சந்தேகம் இருந்தது. 1975இல் பொருளியலாளர் கூப்மன்ஸுடன் சேர்ந்து அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் மேல்நிலை வகுப்பு வணிகக் கணிதத்தில் இந்தப் பாடம் பெரும்பாலும் வரைபடத்தாளில் கோடுகள் போட்டு மூலைப்புள்ளியைக் கண்டுபிடிப்பதோடு முடிந்துவிடுகிறது. சுவையான பாதி அதற்கு அப்பால்தான் இருக்கிறது.

கையிருப்பிலுள்ள எல்லா வளங்களும் ஒரே நேரத்தில் நெருக்குவதில்லை. மிஞ்சிக் கிடக்கும் வளத்தின் நிழல் விலை சுழி. தீர்ந்துபோகும் வளத்துக்குத்தான் மதிப்பு. நீலகிரியில் தேயிலை வந்த நாள்முதல் இப்படி நெருக்கிய வளம் எது, அது எப்போது கைமாறியது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், தனித்தனியாகப் பேசப்படும் பல நிகழ்ச்சிகள் ஒரே கோட்டில் வருகின்றன.

தொடக்கத்தில் நிலம் நெருக்கவில்லை. 1835இல் கேத்தியில் அரசு நட்டுப்பார்த்த சீனத் தேயிலைச் செடிகளும், 1850களில் குன்னூரில் மேன் என்பவர் போட்ட தோட்டமும் நிலத்துக்காகத் தவிக்கவில்லை. பதப்படுத்தும் கைத்திறனும் ஆட்களும் வண்டிப்பாதையும்தான் போதவில்லை. காப்பியை இலைத்துரு நோய் அழித்தபின் தேயிலை பெருகியது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் மலைரயில் ஏறிவந்ததும் பாதை என்ற தளை தளர்ந்தது. கங்காணிகள் சமவெளியிலிருந்து கொண்டுவந்த ஆட்களால் அடுத்த தளையும் தளர்ந்தது. அந்தத் தளர்ச்சிக்கான விலையை எஸ்டேட் கணக்குப் புத்தகத்தில் தேடக்கூடாது, தொழிலாளர்களின் லயன் வீடுகளில் தேட வேண்டும். 1933இல் செடி இருந்தது, ஆள் இருந்தது, ரயிலும் இருந்தது. ஏற்றுமதி உரிமைதான் இல்லை. கோட்டா வாங்கியவர் கொடுத்த பணம், கான்டரோவிச் காகிதத்தில் கணக்கிடுவதற்கு முன்பே சந்தையில் கண்ணுக்குத் தெரிந்த ஒரு நிழல் விலை.

1961இல் நீலகிரியின் உருளைக்கிழங்கு நிலங்களில் தங்க நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் படகர் சமூக ஊர்களின் காய்கறி நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயிலைக்கு மாறியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன்; ஆனால் சிறு காரணமும் அல்ல. 1962இல் குந்தா கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை தொடங்கியது. 1965இல் கூட்டுறவுத் தொழிற்சாலைகளின் இணையமாக இன்கோசர்வ் உருவானது. அதுவரை எஸ்டேட் என்றால் தோட்டமும் தொழிற்சாலையும் ஒரே கையில். இப்போது இலை ஒருவர் கையில், எந்திரம் இன்னொருவர் கையில். கணக்கு இங்கேதான் சிக்கலாகிறது.

பறித்த பசுந்தேயிலை காத்திருக்காது. அன்றே தொழிற்சாலைக்குப் போய், இரவோடிரவாக வாட்டி, மறுநாள் அரைத்து, புளிக்கவைத்து, ட்ரையரில் உலர்த்தியாக வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரை கிலோ இலை. விளக்கத்துக்காக ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம், எண்கள் புனைந்தவை. அன்று வந்த இலை 9,000 கிலோ. அதில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இருக்கும் நல்ல கொழுந்து 2,700 கிலோ. ட்ரையர் 12 மணி நேரம் ஓடும், மணிக்கு சி.டி.சி. (இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிச் செய்யும் தூள்) என்றால் 200 கிலோ, ஆர்த்தடாக்ஸ் (இலையை முறுக்கிச் செய்யும் பழைய முறைத் தேயிலை) என்றால் 100 கிலோ உலரும். ஆர்த்தடாக்ஸுக்கு நல்ல கொழுந்து மட்டுமே ஆகும். இலைக்கான பணத்தைத் தவிர மற்றச் செலவெல்லாம் போக, சி.டி.சி. கிலோவுக்கு 30 ரூபாயும் ஆர்த்தடாக்ஸ் 50 ரூபாயும் நிற்கும்.

ஐம்பது ரூபாய் நிற்கும் சரக்கையே முடிந்தமட்டும் செய்யலாமே என்று தோன்றும். நல்ல கொழுந்து முழுவதையும் ஆர்த்தடாக்ஸாக்கினால் 600 கிலோ ஆகும். மிச்ச ட்ரையர் நேரத்தில் 1,200 கிலோ சி.டி.சி.; வரவு 66,000 ரூபாய். இலையில் 900 கிலோ வீணாகிக் கிடக்கும். முழுதும் சி.டி.சி. என்றால் 60,000. சிறந்த விடை 1,600 கிலோ சி.டி.சி., 400 கிலோ ஆர்த்தடாக்ஸ்; வரவு 68,000.

இனி நிழல் விலைகள். ட்ரையர் இன்னும் ஒரு மணி நேரம் ஓடினால் வரவு 4,000 ரூபாய் கூடும். கூடுதலாக வரும் ஒரு கிலோ இலைக்கு மதிப்பு 2 ரூபாய் 22 காசு. நல்ல கொழுந்துக்கோ தனி மதிப்பு சுழி. 2,700 கிலோ இருந்தும் 1,800தான் செலவாகிறது என்பதால், பக்குவமாகப் பறித்துக் கொண்டுவருபவருக்கு ஒரு காசுகூட அதிகம் கொடுக்க இந்தத் தொழிற்சாலைக்கு அன்று காரணமே இல்லை. ட்ரையர் நேரம் 13 மணியைத் தாண்டட்டும், படம் தலைகீழாகிறது. ட்ரையரின் நிழல் விலை சுழியாகிறது. சாதாரண இலையின் மதிப்பு 6 ரூபாய் 67 காசாக, மூன்று மடங்காக ஏறுகிறது. நல்ல கொழுந்துக்கு அதற்குமேல் 4 ரூபாய் 44 காசு சேர்கிறது. முற்றிய இலை கொண்டுவருகிறார்கள் என்று விவசாயிகளைக் கடிந்துகொள்ளும் கூட்டங்களில் எந்திரத்தின் கொள்ளளவையும் பேச வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

பசுந்தேயிலை விலை நிர்ணயம் வேறு வழியில் போனது. 2003ஆம் ஆண்டின் தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ், தூள் விற்ற பணத்தை விவசாயிக்கு 60, தொழிற்சாலைக்கு 40 என்று பிரிக்கும் சூத்திரம் வந்தது. பிறகு அது 65க்கு 35 ஆனது. நிலையான விகிதம் எந்த மாதத்தில் எது நெருக்குகிறது என்று பார்ப்பதில்லை. அது குறைதான். ஆனாலும் நிழல் விலையையே கொள்முதல் விலையாக்குவது அதைவிட மோசம்: இலை வரத்துக் கூடும் மாதங்களில் விவசாயி கையில் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றுமிராது. நிழல் விலை எங்கே முதலீடு செய்யலாம் என்று காட்டும். யாருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம் என்று காட்டாது.

கட்டுப்பாடுகளை மட்டும் பேசிக்கொண்டிருக்கும்போது எதைப் பெரிதாக்கப்போகிறோம் என்ற, கணக்கின் முதல் வரி மறந்துபோகிறது. அந்த வரியே வேறாக இருந்த ஒரு கணக்கும் நீலகிரியில் உண்டு. 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையிலிருந்து 5,25,000 இந்திய வம்சாவளியினரை ஏற்க இந்தியா ஒப்புக்கொண்டது. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968இல் வனத்துறையின் கீழ் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே பின்னர் டான்டீ என்ற கழகமாயிற்று. எஸ்டேட் முதலாளி நிலத்தை வைத்துக்கொண்டு ஆள் தேடினார். இங்கே ஆட்களை வைத்துக்கொண்டு அரசு நிலம் தேடியது. பெரிதாக்க வேண்டியது லாபமல்ல, வேலைநாள். லாபக் கணக்கில் தொழிலாளி செலவுப் பக்கம் நிற்பார். டான்டீயின் தொடக்கக் கணக்கில் அவரே வரவு. டான்டீ நட்டத்தில் ஓடுகிறது என்று பின்னாளில் எழுதியவர்கள் பலர் இந்த வேறுபாட்டைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சந்தைத் தளை 1990களில் திரும்பியது. ரூபாய் வணிக ஏற்பாட்டின்கீழ் சோவியத் ஒன்றியம் தென்னிந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்தது. குன்னூரில் 1963 முதல் நடக்கும் ஏலத்திலும் அதன் தேவை கனமாகத் தெரிந்தது. அளவுக்கு உத்தரவாதம் இருந்தபோது, தரத்தைக் காட்டிலும் அளவைப் பெருக்குவதே சரியான விடையாக இருந்தது. அதற்கேற்ப எந்திரங்களும் சி.டி.சி. பக்கம் சாய்ந்தன. 1991இல் அந்த ஒன்றியம் கலைந்தது. பத்தாண்டு முடிவதற்குள் பசுந்தேயிலை விலை சரிந்து, நீலகிரிச் சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். கான்டரோவிச்சின் எண்களைச் சந்தேகித்த நாடுதான் நீலகிரியின் கணக்கில் வலப்பக்கத்து எண்ணாக, அதாவது சந்தை என்ற வரம்பாக, இருந்தது என்பது வரலாற்றின் குறும்பு.

2022இல் டான்டீ வசமிருந்த சுமார் 2,150 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பித்தரத் தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. பறிக்க ஆள் குறைந்ததும் நட்டமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 1968இல் மிதமிஞ்சியிருந்த உழைப்பு இப்போது தீர்ந்துபோகும் வளம். தாராளமாகக் கிடைத்த காட்டு நிலமோ யானைக்கும் தண்ணீருக்கும் வேண்டுமென்று கேட்கப்படும் வளம். தொழிலாளர் குடும்பத்தினர் அந்த முடிவை எதிர்த்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வரவுப் பக்கத்தில் எழுதப்பட்ட வேலைநாளை எந்தப் புதுக் கணக்கில், எந்தப் பக்கம் எழுதப்போகிறீர்கள் என்பதே அவர்கள் கேள்வி.